ரூபி டீச்சர் போட்ட கட்டம்

எங்கள் வீட்டுக் கூடத்தில் பழுப்புத் தாள் ஒன்று விரிந்து கிடந்தது. பஞ்சு மண்டியில் மாதிரிப் பஞ்சைச் சுற்றித் தருவார்களே, அந்த முரட்டுத் தாள். சுருண்டுகொள்ளாமல் இருக்க ஒரு மூலையில் செம்பு, ஒரு மூலையில் படிக்கல், மற்ற இரண்டிலும் என் வெண்கலக் கும்பாவும் அம்மிக் குழவியும். தாளுக்கு இந்தப் பக்கம் என் வீட்டுக்காரர். அந்தப் பக்கம் ரூபி டீச்சர். அடுப்படி வாசலில் இரண்டு டம்ளர் காபியோடு நான்.

ரூபி டீச்சர் குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மரக்கோலை வைத்து ஒரு கோடு இழுத்தாள். தாளின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரே இழுப்பு.

"எம்புட்டு நேரா போடுதீக டீச்சர்" என்றார் என் வீட்டுக்காரர்.

நான் சுடுகிற தோசை நிலா மாதிரி வட்டமாக இருக்கும். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான் சுடுகிறேன். அதைப் பார்த்து ஒரு வார்த்தை அவர் சொன்னதில்லை. ஒரு கோட்டுக்கு வந்துவிட்டது பாராட்டு.

கோடுகள் சேர்ந்து நாலு கட்டம் ஆயிற்று. இடது ஓரத்தில் மேலே 'பெண்கள்', கீழே 'ஆண்கள்'. தலைமாட்டில் ஒரு பக்கம் 'வேண்டும்', மறு பக்கம் 'வேண்டாம்'. வாத்தியார் எண்களைச் சொல்லச் சொல்ல அவள் கட்டத்துக்குள் எழுதினாள். (என் வீட்டுக்காரரை ஊரே வாத்தியார் என்றது. நானும் அப்படியே எழுதிவிடுகிறேன், கை பழகிவிட்டது.)

சரியான எண்கள் இப்போது நினைவில்லை. எல்லாருக்கும் விளங்கட்டும் என்று முழு எண்ணாகச் சொல்கிறேன். பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டுமா என்று நானூறு பேரைக் கேட்டார்கள் என்று வையுங்கள். அதில் வேண்டாம் என்றவர்கள் நூற்றிருபது பேர். அந்த நூற்றிருபதில் பெண்கள் எண்பது, ஆண்கள் நாற்பது.

ரூபி டீச்சர் அந்த இரண்டு எண்ணையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சிவப்பு மைப் பேனாவை எடுத்து, கட்டத்துக்குக் கீழே எழுதினாள்: 'வேண்டாம் என்றவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பெண்கள்.'

எழுதி முடித்ததும் அவள் முகம் வாடிவிட்டது. "நம்ம பொம்பளைகளே வேண்டாங்காங்களே சார்" என்றாள்.

"விடுங்க டீச்சர். நாம செய்யறத செஞ்சாச்சு" என்றார் வாத்தியார். அந்தக் குரலை நான் அதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்கிறேன், என் தகப்பனார் இறந்த வீட்டில். காபி ஆறிக்கொண்டிருந்தது. இரண்டு பேருமே என் பக்கம் திரும்பவில்லை.

'ள்' போடுவது பற்றி

போன வாரம் என் மாமியாரைப் பற்றி எழுதினேன். அதைப் படித்துவிட்டு என் மகள் ஜெபா, "ரூபி டீச்சரைப் பத்தி எப்போம்மா எழுதப் போறீங்க?" என்று கேட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு இந்த வாரம் எழுதுகிறேன்.

மரியாதையாக 'ர்' போட்டு எழுத வேண்டுமாம், மகளின் உத்தரவு. பேச்சில் நான் எப்போதும் போட்டதுதான். "வாங்க டீச்சர், உக்காருங்க டீச்சர், இன்னும் ஒரு தோசை டீச்சர்." மனசுக்குள் ஒரு நாளும் போட்டதில்லை. இங்கே மனசுக்குள் இருந்தபடியே எழுதுகிறேன்.

அவள் பாளையங்கோட்டைப் பெண். பி.ஏ. படித்து, ஆசிரியைப் பட்டமான எல்.டி.யும் முடித்தவள். கல்யாணம் ஆகவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வேதக்கோயிலுக்கு, அதாவது சர்ச்சுக்கு, பின்னால் ஓர் அறையில் தங்கியிருந்தாள். கையில் கடிகாரம், தோளில் சேலையை இழுத்துக் குத்திய ஊசி, கறுப்புக் குடை. மணிக்கட்டைத் திருப்பி மணி பார்ப்பாள் பாருங்கள், ஏதோ கவர்னர் மாளிகையில் அவளுக்காகக் காத்திருக்கிறார்கள் என்று தோன்றும்.

நானும் ஒன்றும் கைநாட்டு இல்லை. டிரெயினிங் முடித்து மூன்று நாலு வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்தவள். ஜெபா பிறந்ததும் விட்டேன். விட்டேன் என்றால், விடச் சொன்னார்கள், விட்டேன். சாக்பீஸ் பிடித்த விரல் எப்படி இருக்கும் என்று எனக்கும் தெரியும். அதனால்தான் அவளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது. வாத்தியார் விஷயம் பாதி, இது பாதி.

இதில் கொடுமை என்னவென்றால் அவள் நல்லவள். என்னை 'அக்கா' என்பாள். என் காபியைப் புகழ்வாள். ஜெபாவுக்கு ஒரு தடவை கவுனுக்குத் துணி வாங்கி வந்தாள், அதுவும் நல்ல துணி. ஒருத்தியைக் குறை சொல்ல ஒரு சின்ன விஷயம்கூடக் கிடைக்காமல் அலைவது எவ்வளவு கஷ்டம் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

கிட்டங்கி

எங்கள் ஊர் ராஜபாளையத்தில் பெண்பிள்ளைகள் ஐந்தாம் வகுப்பு முடித்தால் புத்தகத்தை மூட்டை கட்டிவிட வேண்டியதுதான். மேலே படிக்க வழியில்லை. எங்கள் ஜெபா அந்த வருஷம் ஐந்து முடிக்கிறாள். அவளை எங்கே சேர்ப்பது என்பதுதான் எங்கள் வீட்டில் தினமும் பேச்சு.

அப்போதுதான் பெண்பிள்ளைகளுக்கு மேல்வகுப்புப் பள்ளிக்கூடம் தொடங்க ஊர்ப் பெரியவர்கள் சிலர் ஒரு கமிட்டி போட்டார்கள். தலைவர் ஒரு பஞ்சு மண்டி முதலாளி. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், நல்ல மனுஷர், ஆனால் பத்துத் தடவை யோசிப்பார். "ஊர்ப் பொம்பளைக வேணும்னு சொல்லட்டும். என் கிட்டங்கியைக் காலி பண்ணித் தாரேன். அவங்களே வேண்டாம்னா நான் யாருக்குத் தர்றது?" என்றார். பஞ்சு மூட்டை அடுக்கும் பெரிய கிட்டங்கி அது. ஐந்தாறு வகுப்பு தாராளமாக நடத்தலாம்.

அதனால் வீடு வீடாகப் போய்க் கேட்பது என்று முடிவாயிற்று. கமிட்டிக்குக் காரியதரிசி வாத்தியார். கூடப் போக, பெண்களிடம் பேச, ஒரு பெண் வேண்டும் அல்லவா. இருக்கவே இருக்கிறாள் ரூபி டீச்சர். பள்ளிக்கூடம் வந்தால் தலைமை ஆசிரியையும் அவள்தான் என்று பேச்சு. வராவிட்டால் நாகர்கோவிலில் அவளுக்கு வேறு வேலை தயாராக இருந்தது. இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடம் வந்தால் அவள் இங்கே. வராவிட்டால் அவள் நாகர்கோவிலில்.

நான் காரியதரிசியின் மனைவி. காபி என் இலாகா.

கதவைத் திறந்தவர்கள்

இரண்டு பேருக்கும் பள்ளிக்கூடமும் வேதக்கோயிலும் இல்லாத நாள் சனிக்கிழமைதான். ஆகவே சனிக்கிழமை காலையில் ரூபி டீச்சர் பஸ்ஸில் வந்து இறங்குவாள். வாத்தியார் குளித்து, சட்டையை மாற்றி, வாசலில் நிற்பார். இரண்டு பேரும் தெருத் தெருவாகப் போய்விட்டு வெயில் சாய்ந்து வருவார்கள். ரெண்டு பேர், ஒரு குடை என்று தெருவில் யாரோ சொல்லிவிட்டார்கள். அப்புறம் எனக்குச் சோறு இறங்குமா?

அடுத்த சனிக்கிழமை நானும் செருப்பை மாட்டினேன்.

"நீ எதுக்கு ஞானம், வெயில்ல?" என்றார் வாத்தியார்.

"எனக்கும் செத்த காத்தாட நடக்கணும் போலிருக்கு" என்றேன். சித்திரை வெயில். காற்றுக்கு எங்கே போவது? ரூபி டீச்சர் உடனே, "வாங்கக்கா, எனக்கும் பேச்சுத் துணை ஆச்சு" என்று குடையை என் பக்கம் நீட்டினாள். குடை பெரிய குடை, ஒன்றும் சொல்வதற்கில்லை.

முதல் வீட்டில் ஒரு பெரியவர் சாய்வு நாற்காலியில் கிடந்தார். கேள்வியைக் கேட்டதும், "பொட்டப்பிள்ளைக்கு அஞ்சு போதும், வேண்டாம்னு எழுதிக்கோங்க" என்றார். உள்ளே கதவிடுக்கில் ஒரு சேலைத் தலைப்பு தெரிந்தது.

"வீட்டம்மாவையும் ஒரு வார்த்தை கேக்கலாமே" என்றாள் ரூபி டீச்சர்.

"நான் சொன்னா அவ சொன்ன மாதிரிதான்."

எங்கள் பக்கத்தில் இது புதிதில்லை. ஆண் வீட்டில் இருந்தால் வெளியாளுக்குப் பதில் சொல்வது அவர்தான், பெண் வாசலுக்கு வரமாட்டாள். வீட்டுக்கு ஒரு பதில் என்று கமிட்டி வைத்த விதியும் அதற்குத் தோதாகப் போயிற்று.

ஆனால் அப்படி ஆண் இருந்த வீடுகள் கொஞ்சம்தான். சனிக்கிழமையென்றால் மில்லுக்கு லீவா, மண்டிக்கு லீவா? ஆண்களெல்லாம் வேலைக்குப் போயிருந்தார்கள். நாங்கள் தட்டிய கதவுகளில் முக்கால்வாசிக்கு மேல் திறந்தது பெண்கள்தான். மாவுக் கையோடு, ஈரத் தலையோடு, இடுப்பில் பிள்ளையோடு வந்து நின்றார்கள்.

செட்டியார்பட்டிப் பக்கம் ஒரு பெண் ரூபி டீச்சர் கேட்டு முடிப்பதற்குள், "எம்மவ படிக்கட்டும் டீச்சர். நாந்தான் பஸ்ஸுல போர்டு பாக்கத் தெரியாம நிக்கேன்" என்றாள். அதே தெருவில் இன்னொருத்தி, "படிச்சா எவன் கட்டுவான்? வேண்டாம்" என்றாள். இரண்டையும் வாத்தியார் எழுதிக்கொண்டார். நான் வாத்தியாரின் கண் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே நடந்தேன். பெரும்பாலும் பென்சில் முனையிலேயே இருந்தது. அதுவும் எனக்கு நடிப்பாகவே பட்டது.

முந்திரிக்கொத்து விவகாரம்

இங்கே கொஞ்சம் பின்னால் போகவேண்டும். அதற்கு முந்தின அறுப்பின் பண்டிகைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் வேதக்கோயில் வளாகத்தில் பெண்களெல்லாம் பண்டம் செய்து விற்றோம். நான் ஓர் அண்டா நிறைய முந்திரிக்கொத்து செய்து, துணி கட்டி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோனேன். பாசிப்பயறு வறுத்து, கருப்பட்டிப் பாகில் உருட்டி, இரண்டு நாள் இடுப்பு ஒடிந்தது. ரூபி டீச்சர் ஒரே ஒரு தட்டு கேக் கொண்டுவந்தாள். தகர டப்பாவில் மணல் போட்டு அவளே சுட்டதாம்.

எல்லாம் முடிந்து பெருக்கும்போது உபதேசியார் மனைவி சலோமி அக்கா துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு சத்தமாகச் சொன்னாள்: "கடிச்சுப் போட்டுக் கெடந்ததுல முக்காவாசி நம்ம ஞானம் செஞ்ச முந்திரிக்கொத்துதான்."

எல்லாரும் சிரித்தார்கள். ரூபி டீச்சர் சிரிக்கவில்லை. அது இன்னும் மோசம்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் வாத்தியாரிடம் பொருமினேன். "அண்டா நிறையச் செஞ்சவ பண்டந்தான் கீழயும் கூடக் கெடக்கும். கீழ கெடந்தத மட்டும் எண்ணுனா ஆச்சா? நான் செஞ்சதுல எம்புட்டுப் பங்கு கீழ போச்சு, அவ செஞ்சதுல எம்புட்டுப் பங்கு போச்சு, அதையில்ல பாக்கணும்? என் அண்டாவுல போனது ரெண்டு கையளவு. அவ தட்டுல கால் தட்டு குப்பைக்குப் போயிருக்கு."

"பண்டத்துக்குப் போயி கணக்கு பாக்கியே" என்று சொல்லிவிட்டு அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் சட்டையில் கேக் துகள் ஒட்டியிருந்தது.

இது நடந்து எத்தனை காலம் ஆகிவிட்டது. இன்றைக்கும் சலோமி அக்கா சொன்னது காதில் விழுகிறது.

சிவப்பு மை

கட்டம் போட்டு முடித்த அன்று ரூபி டீச்சரைப் பஸ் ஏற்றிவிட வாத்தியார் போயிருந்தார். கூடத்தில் தாள் அப்படியே கிடந்தது. நான் ஆறிய காபியை எடுக்கப் போனவள், தாளின் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். அவள் எங்காவது தப்பு விட்டிருக்க மாட்டாளா என்று பார்க்கத்தான். வேறு நல்ல எண்ணம் ஒன்றும் கிடையாது.

கூட்டல் சரி. எழுத்து முத்து முத்தாக இருந்தது. சிவப்பு மையில் எழுதிய வரியும் சரிதான், நூற்றிருபதில் எண்பது என்றால் மூன்றில் இரண்டுதான். எனக்கு வெறுத்துப் போயிற்று.

எழுந்திருக்கப் போகும்போது அந்த வரியை இன்னொரு தடவை படித்தேன். 'வேண்டாம் என்றவர்களில்'. கடித்துப் போட்டுக் கிடந்ததில். எனக்குச் சுரீர் என்றது.

சலோமி அக்கா பார்த்த கணக்குத்தான் இது. கீழே கிடந்ததை மட்டும் பார்த்திருக்கிறார்கள். அண்டாவில் எவ்வளவு இருந்தது என்று யாரும் பார்க்கவில்லை. கதவைத் திறந்ததே அதிகம் பெண்கள் என்றால், வேண்டாம் என்ற கூட்டத்திலும் அவர்கள்தானே அதிகம் நிற்பார்கள்?

பெண்கள் வரிசையைக் குறுக்கே படித்தேன். நானூறில் பெண்கள் முந்நூற்றிருபது. அதில் வேண்டாம் என்றவர்கள் எண்பது, கால் பங்கு. மற்ற இருநூற்று நாற்பது பேரும் வேண்டும் என்றிருக்கிறார்கள். ஆண்கள் வரிசையைப் படித்தேன். மொத்தம் எண்பது பேர். வேண்டாம் என்றவர்கள் நாற்பது, சரிபாதி.

நாலு பெண்ணைக் கேட்டால் மூன்று பேர் வேண்டும் என்கிறார்கள். இரண்டு ஆணைக் கேட்டால் ஒருவர் வேண்டாம் என்கிறார். சிவப்பு மை வரியிலும் பொய் இல்லை. ஆனால் அதைக் கேட்டுவிட்டுப் போகிறவன் நம் பெண்களுக்குப் படிப்பில் விருப்பமில்லை என்று நினைத்துக்கொண்டுதான் போவான்.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. பி.ஏ., எல்.டி. மாட்டிக்கொண்டாள். தாளை மடித்துப் பரணில் வைத்துவிட்டு, ஆறிய காபி இரண்டையும் நானே குடித்தேன்.

வாயை மூடினால் போதும்

சந்தோஷம் படுக்கைக்குப் போகும்வரைதான் இருந்தது. கமிட்டி புதன்கிழமை எங்கள் வீட்டில் கூடுகிறது. தப்பைச் சொன்னால் பள்ளிக்கூடம் வந்துவிடும். பள்ளிக்கூடம் வந்தால் ரூபி டீச்சர் இங்கேயே இருப்பாள், சனிக்கிழமை மட்டுமில்லை, ஏழு நாளும். சொல்லாவிட்டால் நாகர்கோவில். நான் ஒன்றுமே செய்ய வேண்டாம். வாயை மூடிக்கொண்டு காபி கொடுத்தால் போதும்.

ஜெபாவுக்கு? நானே வீட்டில் சொல்லிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். எனக்கு எட்டாம் வகுப்புவரை எல்லாப் பாடமும் வரும். அடுப்படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பூகோளம் ஒப்பிப்பது போலவும், நான் வெங்காயம் அரிந்துகொண்டே திருத்துவது போலவும் நினைத்துப் பார்த்தேன். அது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

செவ்வாய்க்கிழமை ஜெபா தலை பின்னிக்கொள்ள என் முன்னால் உட்கார்ந்தாள். "அம்மா, வரலாறு, பூகோளமெல்லாம் நீங்களே சொல்லித் தருவீங்களா? சயின்ஸுக்கு அந்தக் கண்ணாடிக் குழாயெல்லாம் நம்ம வீட்ல இல்லியே" என்றாள். இறுக்கிப் பின்னினேன். வலிக்கிறது என்று கத்தினாள்.

புதன்கிழமை

முதலாளி வந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கமிட்டி உறுப்பினரான வக்கீல் வந்தார். வடகலையா தென்கலையா என்பது இங்கே வேண்டாம், நெற்றி நிறைய நாமம் போட்டவர். ரூபி டீச்சர் சுவரோரம் உட்கார்ந்தாள். அன்றைக்கென்று வெள்ளைச் சேலை கட்டியிருந்தாள், அதுவும் அவளுக்கு எடுப்பாகத்தான் இருந்தது.

வாத்தியார் தாளை விரித்தார். வக்கீல் மூக்குக் கண்ணாடியைப் போட்டு நேரே சிவப்பு மைக்குப் போனார். "மூணுல ரெண்டு பங்கு பெண்கள் வேண்டாங்கறா. பின்னே என்ன? நாம யாருக்காகப் பிரயாசைப்படறது?"

நல்லா கவனியுங்கள். 'வேண்டாம் என்றவர்களில்' என்பதை அவர் முழுங்கியே விட்டார். ஒரு விநாடியில் ஊர்ப் பெண்களில் மூன்றில் இரண்டு பேர் வேண்டாம் என்றதாக ஆகிவிட்டது.

"சரே, சரே" என்றார் முதலாளி வருத்தமாக. "பொம்பளைகளுக்கே இஷ்டமில்லன்னா கிட்டங்கியில பஞ்சே கெடக்கட்டும்."

ரூபி டீச்சர் தலை குனிந்தாள். மடியில் ஒரு சொட்டு விழுந்தது. நான் பார்த்தேன். வாத்தியாரும் பார்த்தார். பார்த்தவர், குரலைத் தழைத்து, "டீச்சர், மனச விட்டுராதீங்க" என்றார்.

மறுபடியும் அந்தக் குரல். எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. பெண் கல்விக்காக நான் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. அந்தக் குரலை நிறுத்தவேண்டும், அவ்வளவுதான்.

"அவிய போட்ட கட்டத்த அவியளுக்கே படிக்கத் தெரியல, அதுக்கு எதுக்கு அழுகை?" என்றேன்.

வாத்தியார், "ஞானம்" என்று அதட்டினார். நான் காபித் தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தாளின் முன்னால் உட்கார்ந்தேன்.

"வேண்டாம்னு சொன்னவகளை மட்டும் எண்ணாதீக. கேட்ட பொம்பளைக எத்தனை பேருன்னு பாருங்க. கதவைத் தொறந்தவகள்ல அஞ்சுல நாலு பேர் பொம்பளைக. நான் கூடப் போயிருந்தேன், என் கண்ணால பாத்தேன். பொம்பளைக வரிசைய இப்படிக் குறுக்க படிங்க. நாலு பேர்ல மூணு பேர் வேணும்னு சொல்லியிருக்காக."

வக்கீல் விடவில்லை. "அப்போ சிவப்பு மையில எழுதியிருக்கறது பொய்யா?"

"பொய்யில்ல. வேண்டாம்னவக யாருன்னு கேட்டா அதான் பதில். பொம்பளைகளுக்கு வேணுமா வேண்டாமான்னு கேட்டா இதான் பதில். முதலாளி கேட்டது ரெண்டாவது."

"ஆம்பிளைக வரிசை என்ன சொல்லுது?" என்றார் முதலாளி.

"ரெண்டு பேர்ல ஒருத்தர் வேண்டாங்காரு."

முதலாளி வக்கீலைப் பார்த்தார். பிறகு தொந்தி குலுங்கச் சிரித்தார். "அப்போ வேண்டாங்கிறது நம்ம ஆளுகதானா?"

இதற்குள் ரூபி டீச்சர் தாளருகே வந்துவிட்டாள். வரிசையில் விரலை வைத்து, உதடு அசைய, தானே ஒரு தடவை போட்டுப் பார்த்தாள். இப்போது முகம் சுண்டும், பார்க்கலாம் என்று நான் காத்திருந்தேன். அதற்காகத்தானே இவ்வளவும். அவள் முகம் சுண்டவில்லை. விளக்கு ஏற்றியது போல ஆயிற்று. "அக்கா" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "நான் எவ்வளவு பெரிய தப்பு பண்ணியிருக்கேன். நீங்க மட்டும் இல்லன்னா."

தப்பை ஒத்துக்கொள்வதைக்கூட அவ்வளவு அழகாகச் செய்தாள். வாத்தியார் பூரித்துப்போய், "எண்ணெல்லாம் டீச்சர் சரியாத்தான் போட்டிருக்காக, நாமதான் கவனிக்கல" என்றார்.

நாம். அதில் நானும் சேர்த்தி போலிருக்கிறது.

பிறகு

அந்த ஆனியிலேயே கிட்டங்கியில் பள்ளிக்கூடம் திறந்தார்கள். சுவரிலெல்லாம் பருத்திக்கொட்டை வாடை. ஆறாம் வகுப்பில் முதல் பெஞ்சில் எங்கள் ஜெபா. தலைமை ஆசிரியை யாரென்று சொல்ல வேண்டாம்.

வாத்தியாரையே கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் இல்லை. அவருக்கு எல்லாருடைய கண்ணீருக்கும் அதே குரல்தான் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். எங்கள் பசு செத்தபோதும், அழுத பால்காரனிடம் அந்தக் குரலில்தான் பேசினார். நான்தான் அழுகிறவள் இல்லை, அதனால் எனக்குக் கிடைக்கவில்லை.

அவரைக் காவல் காத்ததில் ஜெபாவைக் கவனிக்கவில்லை. "ரூபி டீச்சர் சொன்னாங்க" என்று ஆரம்பித்தாள். டீச்சரைப் போலவே சாய்த்து எழுதத் தொடங்கினாள். தாவணி போட்ட முதல் நாளே தோளில் ஊசி. காபியில் சர்க்கரையைக் குறைத்துக்கொண்டாள். கையில் கடிகாரம் இல்லாமலே மணிக்கட்டைத் திருப்பிப் பார்ப்பாள். கோயிலில் நான் பாடும் ராகத்தில் பாடாமல், ரூபி டீச்சர் பக்கம் போய் நின்று இரண்டாவது குரலில் பாடினாள்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் ஒரு நாள் ரூபி டீச்சர் வீட்டுக்கு வந்தாள். "அக்கா, ஜெபாவுக்கு மெட்ராஸ்ல காலேஜ் படிக்க ஆசை. உங்ககிட்ட சொல்லப் பயப்படுதா" என்றாள்.

என் வயிற்றில் பிறந்தவளின் ஆசையை இன்னொருத்தி வந்து என்னிடம் சொன்னாள். "போகட்டும்" என்றேன். வேறு என்ன சொல்வேன்? பள்ளிக்கூடம் வேண்டும் என்று கணக்குக் காட்டியவளே நான்தானே.

ராஜபாளையம் ஸ்டேஷனில் சாயங்கால ரயில். யுத்த காலம், கூட்டம் நெரிந்தது. வாத்தியார் டிரங்குப் பெட்டியை ஏற்றிவிட்டு இறங்கினார். நான் முறுக்குப் பொட்டலத்தை ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். நானும் ரூபி டீச்சரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம்.

வண்டி நகர்ந்தது. ஜெபா தலையை நீட்டி, "டீச்சர், போயிட்டு வாரேன்" என்றாள். பொறவுதான், "அம்மா, வெயில்ல நிக்காதீங்க, வீட்டுக்குப் போங்க."

வண்டி வளைவு திரும்பட்டும், அப்புறம் அழலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அதற்குள் பக்கத்தில் விம்மல் கேட்டது. ரூபி டீச்சர் என் தோளில் சாய்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதாள். பிளாட்பாரத்தில் இருந்தவர்கள் அவளைத்தான் பெற்றவள் என்று நினைத்திருப்பார்கள். எனக்கு வந்த அழுகை தொண்டையிலேயே நின்றுவிட்டது. வேறு வழியில்லாமல் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்து, "அழாதீக டீச்சர், லீவுக்கு வந்துருவா" என்று நான் தேற்றினேன்.

அழுவதிலும் அவள்தான் முந்திக்கொண்டாள்.